செய்வினை

கத்திரியை மூடிய பிறகுதான்
திரையில் அந்தப் பச்சை ஊறியது.
ஊற வேண்டிய இடம் அல்ல.
நான் பேச்சை நிறுத்தியதும்
மயக்க மருந்து ஜெயசீலன் நிமிர்ந்தார்.
எஸ்தர் சிஸ்டர் யாரும் கேட்காமலே
பெரிய கத்தியை எடுத்துத் தட்டில் வைத்தார்.
மாதம்மாளின் இதயம் மட்டும்
சீராக, எதுவும் தெரியாமல்
பீப் பீப் என்று நடந்துகொண்டிருந்தது.

சிறு குழாய் என்று நினைத்தேன்.
வெட்டியது பெருங்குழாயை.
வீங்கிக் கிடந்தது, ஒன்றோடொன்று ஒட்டி,
என்றெல்லாம் சொல்லலாம்.
ஆயிரத்தில் மூன்று பேருக்கு ஆகும், புத்தகத்தில் இருக்கிறது.
இத்தனை வருடம்
மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழில்
குடியிருந்தேன்.

தையல் முடித்து, டிரெயின் வைத்து,
கேஸ் ஷீட் எழுத உட்கார்ந்தேன்.
இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஆங்கிலம்
ஒரு வாக்கியம் வைத்திருக்கிறது:
குழாய் காயப்பட்டிருப்பது கண்டறியப்பட்டது.
அதில் குழாய் உண்டு, காயம் உண்டு,
கண்டறிந்த கெட்டிக்காரன்கூட மறைவாக உண்டு.
கத்திரி இல்லை.
பாப்பாரப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் எனக்கு
செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்குவதில்
எப்போதும் பத்துக்குப் பத்து.

வராந்தாவில் காவேரியப்பன்,
பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றும்
டெம்போவின் சாவி விரலில்.
"உள்ளே ஒரு குழாய்... வெட்டுப்பட்டு..."
அவரே முடித்து வைத்தார்.
"தெரியும் சார். பங்காளி வேலை.
போன அமாவாசைக்கு வாசல்ல எலுமிச்சம்பழம் கிடந்துச்சு.
எவனோ செய்வினை வெச்சிட்டான்."

தர்மபுரி வெயில் வராந்தாவில் பாதிவரை வந்திருந்தது.
நான் தப்பிப் போக
ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு வழி.
தலையாட்டினால் போதும்.
பேசாமல் நின்றாலே போதும்.

"செய்வினைதாங்க" என்றேன்.
"செஞ்சது நான்."

சாவியை அடுத்த விரலுக்கு மாற்றினார்.
பின்னால் மச்சான் கத்த ஆரம்பித்தான்,
யாரோ போனில் வீடியோ எடுத்தார்கள்.
அவர் கேட்டது ஒன்றுதான்:
"திரும்பச் சேருமா?"
சேரும். இங்கே முடியாது, சேலத்தில்.
நாளாகும்.
மன்னித்தாரா என்று தெரியாது.
கேட்கவும் இல்லை.

போகாதே, ஆட்கள் கோபத்தில் இருக்கிறார்கள் என்று
சூப்பிரண்டு போனில் சொல்லச் சொல்ல
ஆம்புலன்ஸில் ஏறினேன்.
தொப்பூர் இறக்கம்.
இரண்டாவது கியரில் செல்லவும் என்றது பலகை.
இந்த வளைவில் கவிழ்ந்த எத்தனை டிரைவர்களைத் தைத்திருப்பேன்.
மயங்கும் முன் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்:
பிரேக் பிடிக்கல சார்.
முகமூடிக்குள் சிரித்திருக்கிறேன்.
டிரெயின் பை என் கையில்
வெதுவெதுவென்று கனத்தது.

நாற்பத்தொரு நாள்.
மாதம்மாள் நடந்துதான் வீடு போனாள்.
டெம்போ விற்றாகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கேண்டீனில் ஜெயசீலன்
டீயில் இரண்டு தரம் சர்க்கரை போட்டார்.
ஓசூரில் ஒரு குழந்தை என்று தொடங்கி,
வெகுநேரம் கலக்கி,
பில்லைக் கொடுத்துவிட்டு எழுந்தார்.
மீதியை நானும் கேட்கவில்லை.
குடிக்காத டீயில் ஆடை படிந்தது.

அடுத்த செவ்வாய், பட்டியலில்
என் பெயருக்கு நேரே மறுபடி ஒரு பித்தப்பை.

இப்போதெல்லாம் வெட்டும் முன்
கத்திரியை விரித்தபடி நிற்கிறேன்.
புதுப் பையன்கள்
சார் உடற்கூறு யோசிக்கிறார் என்று நினைப்பார்கள்.
எழுவாயோடு சேர்த்து
வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கிறேன்:
நான் வெட்டுகிறேன்.
வாய்க்குள் சரியாக விழுந்தால் வெட்டுவேன்.
சில நாள் 'நான்' வரைக்கும் வந்து
தொண்டையில் நின்றுவிடும்.
அன்றைக்கு, வயிற்றைத் திறந்தே செய்துவிடலாம் என்று
திரும்புவேன்.
எஸ்தர் சிஸ்டர் பெரிய கத்தியை
ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பார்.