எண்பத்தேழில் ஒரு பங்கு மழை

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது.
டுலூத் நகரமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த
ஜனவரி இரவில்
எங்கள் நிலவறைக் கூரையோரம் ஓடும் செம்புக்குழாய்
விரல் சொடுக்கியதுபோல் ஒரு சத்தம் போட்டது.
அவ்வளவுதான்.

ஆர்விதின் ஊரில்
முதன்முறையாக மழை.

பதினோரு குளிர்காலமாக அங்கே
ஒரே நாள், ஒரே நேரம்:
அக்டோபர், பிற்பகல் மூன்று பத்து.
மேப்பிள் மரங்கள் பாதி உதிர்ந்திருக்கும்.
உதிர்ந்தவை நான் குடித்து முடித்த தேயிலை;
அடுப்புத் தட்டில் உலர்த்தி, சல்லடையில் சலித்தவை.
தேவதாரு முந்நூற்று நாற்பது,
ஒவ்வொன்றும் ஒரு பல்குத்தும் குச்சியில் பிறந்தது.
தாது வண்டிகளுக்குத் துரு பூச வேண்டுமென்று
என் செம்பழுப்பு இமைப்பூச்சு காணாமல் போயிற்று.
கேட்டதற்கு,
'உன்னிடம் இருந்தால் வருடத்துக்கு ஒரு கல்யாணம் பார்க்கும்.
இங்கே தினமும் சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகிறதே'
என்றான்.

மலைச்சரிவில் ஒரு நீரரிப்பு வேண்டுமென்று
மூன்று வருடம் தவித்தான்.
பல் மருத்துவர் கழித்துப்போட்ட கொக்கியால்
சாந்தைச் சுரண்டினான், பூசினான், சுரண்டினான்.
பார்த்தால்
சுரண்டியது மாதிரியே இருந்தது.

இப்போது சுண்டுவிரல் கனத்தில்
தண்ணீர் நேரே அந்த மலையுச்சியில் விழுகிறது.
மூடுதிருகைத் தேடி நான் இருட்டில் ஓட
அவன் குடை விரித்தான்.
எனக்கல்ல,
ரயில் நிலையத்துக்கு.

திருகு துருப்பிடித்திருந்தது. உண்மையான துரு.
நாற்பது நிமிடம்.

பிறகு சொட்டுச் சத்தம் மட்டும்.
வெள்ளைப் பசை கரைந்து
காடு ஏரிக்குள் இறங்கியிருந்தது, வேரோடு, வரிசை கலையாமல்.
பச்சைத் தொப்பிக்காரன் நடைமேடையில் குப்புற.
மரத்தூளும் தேயிலையும் அடித்துவரப்பட்டு
சுப்பீரியர் ஏரியின் ரெசின் கண்ணாடிமேல்
விசிறியாய்ப் படிந்திருந்தன.
மலையில் ஒரு புது ஓடை:
மேலே நூல், நடுவே விரல்,
கீழே விரித்த கை.
அதன்மேல் தண்டவாளம் மட்டும்
அரைச் சாண் தூரம் அந்தரத்தில்.

ஆர்வித் முதுகு காட்டி நின்றான்.
தோள் குலுங்குகிறதோ என்று கிட்டே போனேன்.
அளவுநாடாவை நீட்டி
பள்ளத்தை அளந்துகொண்டிருந்தான்.

காலையில் சுபான்சிச் வந்தார்,
பூட்ஸ் பனியை வாசலில் உதறாமலே.
கூரைக் குழாயை வெட்டினார், பற்றவைத்தார், துடைத்தார்.
'இந்தக் குழாய் பத்தாது' என்றார்.
அண்ணாந்து பார்த்தேன்.
அவரோ குறடை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்து
தண்டவாளத்துக்கடியில்
ஆர்வித் பதித்திருந்த உறிஞ்சுகுழல் மதகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
'இத்தனை பெரிய சரிவு. எல்லாத் தண்ணீரும் இந்த ஓட்டைக்குத்தான் வரும்.
அடுத்த மழைக்கு மறுபடி அடித்துப் போகும், பாருங்கள்.'
'அடுத்த மழையா?' என்றேன் நான்.
இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்,
பாலம் கட்டத் தெரியாதவளைப் பார்ப்பதுபோல்.

காப்பி இரண்டு முறை சூடு பண்ணினேன்.
தூண் மரமா இரும்பா,
வண்டிக்கு எத்தனை டன், நதிக்கு எத்தனை வேகம்.
பில்லில்
அந்த ஒரு மணி நேரம் இல்லை.

இது மார்ச். பாலம் இரும்பு;
பதினோரு சென்டிமீட்டர், ஆணித்தலைகள்கூட உண்டு.
தாது வண்டிகள் அங்கே வந்ததும் தயங்கி
பூனைபோல் கால் பதித்துக் கடக்கின்றன.
ஓடையை அவன் தொடவில்லை.
விசிறியாய்ப் படிந்த தேயிலையையும்.
பச்சைத் தொப்பிக்காரனை நான்தான் நிமிர்த்தி வைத்தேன்,
ஏரியைப் பார்க்கிற மாதிரி. கவனித்தானா தெரியவில்லை.

நேற்று துணி எடுக்கக் கீழே போனபோது
நடைமேடைப் பள்ளங்களில்
குண்டூசி முனையால் வார்னிஷ் சொட்டிக்கொண்டிருந்தான்.
குட்டைகளாம்.
நிலையத்துக் கூரையில் ஈரப் பளபளப்பு,
தாழ்வாரத்தின் அடியில் மட்டும் காய்ந்த தரை.

'அங்கே இப்போது மணி என்ன?' என்று கேட்டேன்.

ஊசியை உதட்டில் கவ்வியபடி
கொஞ்சம் யோசித்து,
'மூன்று நாற்பது' என்றான்.