ஒரு கட்டைவிரல் உயரம்

பேரா வாவியின் நாற்றம் எழும்புமுன்
எங்களை வரிசையில் நிறுத்திவிட்டார்கள்.
நெஞ்சில் அறுபத்தொன்று.
நாலு ஊசியில் ஒன்று குத்திக்கொண்டே இருந்தது.
'செபமாலை' என்ற என் தகப்பன் பெயரை
சார்ஜன்ட் மூன்று தரம் வாசித்தார்,
மூன்றும் வேறு வேறு ஆள்கள்.
மூன்றுக்கும் நானே கை தூக்கினேன்.

முதலில் ஓட்டம். ஆறு சுற்று.
மதிலுக்கு அப்பால் புதுக் கோபுரங்களின் கண்ணாடியில்
வெயில் மாடி மாடியாக இறங்கிக்கொண்டிருந்தது.
நாலாம் சுற்றில் என் விலாவுக்குள்
யாரோ கொத்துரொட்டி போடத் தொடங்கினார்கள்,
இரண்டு தகடும் தாளம் தப்பாமல்.
மூன்று மாதம் காலிமுகத்திடலில்
இஸ்ஸோ வடை வண்டிகள் வருமுன் ஓடிப் பழகியது
பாதி என் கால், பாதி கடற்காற்று என்பது
காற்றே இல்லாத இந்த மதில்களுக்குள்தான் விளங்கிற்று.

பன்னிரண்டு நிமிடத்துக்கு மூன்று செக்கன் முந்தி
கோட்டைத் தாண்டிக் குனிந்து
காலைத் தேத்தண்ணியைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஒருவரும் ஏசவில்லை.
ஒருவர் வந்து
மண் அள்ளிப் போட்டுவிட்டுப் போனார்.

பிறகு தண்டால்.
அறுபத்திரண்டு எனக்கு முன்னால் குந்தினாள்.
உதேஷிகா, பிபிலைக்காரி.
என் நெஞ்சுக்குக் கீழே, சரளையில்
தன் முஷ்டியை வைத்தாள்.
நெஞ்சு அதில் பட வேண்டும்.
பட்டால் அவள் "ஹரி" என்பாள், சார்ஜன்ட் எண்ணுவார்.
படாவிட்டால் எண் அங்கேயே நிற்கும்,
கொட்டாஞ்சேனையில் பிள்ளையார் ஊர்வலத்துக்கு நிற்கும் பஸ்ஸைப் போல.

எகய். தெகய். துனய்.
அவர் சிங்களத்தில் எண்ணினார்,
என் மூச்சு தமிழில்.
பத்து வரைக்கும் இரண்டும் ஒரே படியில் ஏறின.
என் இருபது அவருக்குப் பதினெட்டு.
என் முப்பது அவருக்கு இருபத்தைந்து.
விசி ஹய என்றார்.
மறுபடி விசி ஹய.
மறுபடியும்.
முழங்கை நடுங்கியது. வியர்வை மூக்கு நுனியில் தொங்கி
அவள் மணிக்கட்டில் விழுந்தது.

ஐந்து வயதில், ஆமர் வீதிச் சந்தியில்,
இதே நிறச் சட்டைக் கை ஒன்று
அம்மாவின் சோற்றுப் பார்சலைக் கிளறிப் பார்த்தது.
முட்டைப் பொரியல் இருந்தது, பருப்பு இருந்தது.
"அந்தச் சட்டையா?" என்றுதான் அம்மா
போன மாசம் கேட்டாள்.
"மாசக் கடைசியில் சம்பளம் வரும் சட்டை" என்றேன்.
அதற்கு மேல் நாங்கள் அதைப் பேசவில்லை.

அப்போது அந்த முஷ்டியிலிருந்து
கட்டைவிரல் மட்டும் ஒரு கணு நிமிர்ந்தது.

நெஞ்சில் நகம் பட்டது.
"ஹரி."
விசி ஹத.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
சார்ஜன்டின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
பஸ் வருகிறதா என்று பார்ப்பவள் மாதிரி.
இன்னும் மூன்று தரம் அந்த விரல்.
முப்பதில் விசில்.

அவள் முறை வந்ததும்
முதல் எண்ணிலேயே நானும் விரலை நிமிர்த்தினேன்.
அவள் இறங்கி வந்த வேகத்தில்
அவள் நெஞ்செலும்பு என் விரலை மடக்கி
முஷ்டிக்குள்ளேயே தள்ளிவிட்டுப் போனது.
நாற்பத்திரண்டு தரம்.
விரல் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

குழாயடியில் உள்ளங்கைச் சரளையைக் கழுவியபடி
"ஸ்தூதி" என்றேன்.
"மொகடத?" என்றாள்,
எதற்கென்று உண்மையாகவே தெரியாதவள் போல,
கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டு.

வீட்டில் உப்புத் தண்ணீரில் கைகளை வைத்திருந்தேன்.
அடுப்படியிலிருந்து திரும்பாமலே அம்மா,
"எத்தனை?"
முப்பது என்றேன். அதுதான் தாளில் இருக்கிறது.
முப்பத்தேழு என்று என் தோள்கள் வைத்திருக்கும் கணக்கை
விளக்கத் தெம்பில்லை.
இருபத்தாறை நான்
யாரிடமும் சொல்லவில்லை.