ஒன்றரை டம்ளர்

கோத்தகிரியில், டானிங்டன் தாண்டி
மரம் அறுக்கும் மில்லின் பின்புறம்
நீலத் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது வண்டி.
போஜன் தார்ப்பாயை இழுத்ததும்
தேங்கியிருந்த மழை எங்கள் மேல் விழுந்தது.
"நல்ல சகுனம்" என்றார்.
விற்கிறவருக்கு எல்லாமே நல்ல சகுனம்.

தொண்ணூற்றெட்டு மாடல் மஸ்தா.
பல் ஆஸ்பத்திரியின் முகாம் வண்டியாகப்
பதினோரு வருடம் ஊர் ஊராய்ப் போய்
வாய் பிளக்க வைத்திருக்கிறது.
பிறகு இவர் வாங்கி
நாற்காலியைப் பிடுங்கிய இடத்தில் கட்டில் போட்டார்.
எச்சில் துப்பும் பீங்கான் கிண்ணத்தை மட்டும்
கைகழுவ வைத்துக்கொண்டார்.
மடக்கினால் மேசை, விரித்தால் படுக்கை,
மடங்கவும் விரியவும் மறுக்கிற ஒரு கதவு.
இரட்டை அடுப்புக்கு மேலே
தேய்த்துத் தேய்த்தும் போகாத எழுத்து:
வலித்தால் கையைத் தூக்கவும்.

சத்தியநேசன் அடியில் ஊர்ந்து போனான்.
பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன்,
இந்த மலையின் கொண்டை ஊசிகளை
பிரேக் கருகும் வாசத்தில் அறிந்தவன்.
குரல் மட்டும் வெளியே வந்தது:
"சேஸில துரு. மேல் துருதான்."
கொஞ்சம் கழித்து,
"மேல் துருன்னுதான் நினைக்கிறேன்."

நான் கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தவள்.
முப்பத்தொரு வருடம்.
நான் எண்ணிய நோட்டுகள் என்னைவிட ஊர் பார்த்தவை.
மீன் வாடையோடு சில வரும்,
மஞ்சள் கறையோடு சில.
ஒன்றில் பென்சிலால் கன்னடத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்.
பக்கத்து கவுண்டர் மாதேவன் படித்துச் சொன்னார்:
பஸ் போய்விட்டது.
அதையும் கட்டில் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டேன்.
ஓய்வுப் பணம் வந்த அன்று
அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது.
வேறு காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

அலமாரியில் போஜனின் டீசல் கணக்கு கிடந்தது.
அவர் வாய் சொல்லாததைக் கையெழுத்து சொன்னது.
குண்டல்பேட்டை, 38 லிட்டர், ரேடியேட்டர் ஹோஸ்.
ஹாசன், ஹோஸ்.
சிருங்கேரி, மழை, நாலு நாள் ஒன்றும் செய்யவில்லை.
கடூர், ஹோஸ்.
நாலு நாள் ஒன்றும் செய்யவில்லை என்ற இடத்தில்
விரலை வைத்தபடி
நெடுநேரம் நின்றேன்.

"ஏன் விற்கிறீங்க?"
"முட்டி" என்றார்,
இல்லாத கிளட்ச் ஒன்றை மிதித்துக் காட்டி.
அது மட்டும் பொய்யில்லை என்று பட்டது.

நாலு லட்சத்து முப்பதாயிரம்.
எஃப்.சி. முடிய இரண்டு மாதம்.
வெல்டிங், பெயிண்ட், நாலு டயர், அந்த ஹோஸ்.
கூட்டினேன். வேண்டாம் என்றது.
மறுபடி கூட்டினேன்.
ஒரே கூட்டலை இரண்டு முறை போடுவது
என் தொழிலில் வழக்கம்தான்,
வேறு விடை வேண்டி அல்ல.

"ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கிறோம்" என்றேன்.
போஜன் சாவி கொடுத்தார். கம்பளியும்.
எட்டு மணிக்கு மில் நின்றது,
ஒன்பதுக்கு மழை.
கூரையில் ஏதோ ஒரு ஓட்டை
எங்களைத் தேடி வந்து கண்டுபிடித்தது,
சரியாக சத்தியநேசனின் நெற்றியில்.
டம்ளர் வைத்தேன்.
சொட்டுச் சத்தம் கீச்சாக ஆரம்பித்து
நிரம்ப நிரம்பத் தடித்தது.
காட்டெருமை ஒன்று உரசிப் போனதில்
வண்டியே ஆடியது என்கிறான்.
எனக்குத் தெரியாது. தூங்கிவிட்டேன்,
வாடகை வீட்டில் தினமும்
மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறவள்.

காலையில் அளந்தபோது ஒன்றரை டம்ளர்.
"டம்ளருக்கு இருபதாயிரம் குறைங்க."
போஜன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"இதுல பாதி பனி" என்றார்.
பதினைந்தாயிரத்தில் நிற்கிறது பேச்சு.

மூன்றாவது தடவைதான் ஸ்டார்ட் ஆனது.
புகை தேயிலைச் சரிவில் கறுப்பாய் இறங்கிப் போனது.
பிரேக் பார்க்க அரவேணு வரைக்கும்
போய் வரலாம் என்றான்.
முன்பணம் இன்னும் என் பையில்தான், ஐயாயிரத்தொன்று,
இரண்டு முறை எண்ணியது.

முதல் இறக்கத்தில் பாத்திரமெல்லாம் பேசின.
என்னமோ கருகியது, பிரேக்கா, அடுப்பா.
எதிரே அந்த எழுத்து குலுங்கிக் குலுங்கிக் கேட்டுக்கொண்டே வந்தது.
என் இரண்டு கைகளும்
பீங்கான் கிண்ணத்தைப் பிடித்திருந்தன.