மூன்றாவது கேள்வி

வேலூரில் இறங்கும்போதே வெயில் தாளவில்லை.
லாட்ஜ் பலகையெல்லாம் வங்காளத்தில்.
எங்கிருந்தோ ரயிலேறி வருகிறவர்களுக்குப் புரிகிற ஊர்
பேரணாம்பட்டுக்காரிக்குப் புரியவில்லை.

டோக்கன் நூற்றுப் பதினெட்டு.
கையில் ஷூ கம்பெனிச் சீட்டு:
முன்பக்கம் நேற்றுத் தைத்த ஜோடிக் கணக்கு,
பின்பக்கம் என் கேள்விகள்.
ஒன்று, புற்றா?
இரண்டு, எத்தனை நாள் லீவு?
மூன்றாவதை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தேன்.

"அஞ்சலாட்சி, நாப்பத்து மூணு"
என்று ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்தார் டாக்டரம்மா.
கட்டிதான், புற்று மாதிரித் தெரியலை.
ரெண்டு பிள்ளை இருக்கே, எடுத்துடலாம்.
சொன்னது என்னிடம், பார்த்தது வீட்டுக்காரரை.
அவர் தலையாட்டினார்
லாரிக்கு வழிவிடுவதுபோல.

எடுத்துப்போட்டால் நிம்மதியென்று
நாத்தனார் பூங்காவனம் போனிலேயே முடித்திருந்தாள்.
அவளுக்கு எடுத்து ஆறு வருஷம்.
எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள்,
இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

கம்பெனியில் கத்தி வைக்குமுன்
தோலை விளக்கடியில் விரிப்போம்.
முள் கீறினது எங்கே, உண்ணி கடித்தது எங்கே,
சாக்பீஸால் வட்டம் போடுவோம்.
செத்த ஆட்டுக்கு அவ்வளவு நிதானம்.

"எடுக்கலைன்னா என்ன ஆகும்?"

பேனா நின்றது.
கோபம் வருமென்று நினைத்தேன். கொஞ்சம் வந்தது.
கதவுக்கு வெளியே நூற்றுப் பத்தொன்பது இருமினாள்.
பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்து
சீட்டை வாங்கி, ஜோடிக் கணக்கின் மேலேயே
கவிழ்த்த பேரிக்காய் ஒன்று வரைந்தார்.
இது பை. இது கட்டி. இது சினைப்பை,
பையை எடுத்தாலும் இதைத் தொட வேண்டியதில்லை.
மாத்திரையில் ரத்தம் குறையலாம், கட்டி போகாது.
உள்ளே லூப் வைக்கலாம், எல்லாருக்கும் பொருந்தாது.
கட்டியை மட்டும் எடுக்கலாம், திரும்ப வரலாம்.
மாதவிலக்கு நிற்கிற வயசில் தானே சுருங்கவும் கூடும்.

"எனக்கு எது நல்லது?"
"உங்களால எது தாங்க முடியலை? அதை முதல்ல சொல்லுங்க."

மாசத்தில் எட்டு நாள்.
பாத்ரூம் போக
சூப்பர்வைசரிடம் கைதூக்கி நிற்கிற எட்டு நாள்.
சொன்னேன்.
அவர் எழுதிக்கொண்டார்.
வீட்டுக்காரர் தன் செருப்பையே பார்த்திருந்தார்.

பள்ளிகொண்டா தாண்டியதும் கேட்டார்:
"என்னதான் முடிவு?"
"பதினஞ்சாம் தேதி சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.
உங்களுக்கும் அன்னைக்குத்தான்."

குடியாத்தத்தில் இறங்கி டீ வாங்கி வந்தார்.
இரும்பு மாத்திரை போட்டிருக்கேன், ஒரு மணி நேரம் ஆகணும் என்றேன்.
இரண்டு டம்ளரையும் அவரே குடித்தார்,
ஒன்றும் பேசாமல், ஒன்றன்பின் ஒன்றாக.