ஒரு நிமிஷம் அணைக்காதீங்க

நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ஓடிய இண்டிகா.
மீட்டரைத் திருப்புவதற்கு முன் எவ்வளவு என்பது
திருப்பியவனுக்குத்தான் தெரியும்.

குஞ்சப்பனை தாண்டினால் மூச்சு வாங்கும்.
மூன்று, இரண்டு, கடைசியில் ஒன்று.
பின்னால் காலி கேரட் லாரியின் ஹாரன்,
கண்ணாடி நிறைய எங்கள் கரும்புகை.
டயாலிசிஸ் முடிந்து திரும்பும் சலோமி டீச்சர்
டேஷ்போர்டைத் தட்டிக் கொடுப்பார்:
"நீயும் நானும் ஒரே கேஸ்."

"டீசல் குறையலை அண்ணே, காத்துதான் குறையுது"
என்றான் ஜோகி.
என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன்,
நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ்.
"மேல ஏற ஏற சோறு இருக்கு,
விழுங்க மூச்சு இல்லை. டர்போ போடலாம்."

உக்கடத்தில் பழைய இரும்புச் சந்து.
அவினாசி ரோட்டில் நசுங்கிய ஏதோ ஒரு வண்டியிலிருந்து
கழற்றிய இரும்பு நத்தை.
உள்ளே, உள்ளங்கையில் அடங்கும் சக்கரம்.
விரலால் சுண்டினேன்.
தன் வண்டி செத்துவிட்டதை
யாரும் அதற்குச் சொல்லவில்லை போல,
அப்படிச் சுற்றியது.

வசந்தமலரின் கம்மல் அடகுக்குப் போனது.
"என் காதுல கழற்றி
அது காதுல மாட்டுங்க" என்றாள்.
பிறகு பதினோரு நாள்
"சோறு இருக்கு" தவிர வேறு பேச்சில்லை.

ஜோகி முதலில் கம்பிரஷன் பார்த்தான்.
இருபத்தாறு, இருபத்தாறு,
மூன்றாவதில் இருபத்திரண்டு,
நாலாவதில் இருபத்தைந்து.
மூன்றாவதை மட்டும் தீப்பெட்டியில் எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டான்.
"புது எஞ்சினுக்கு ஊதுற மாதிரி இதுக்கு ஊதினா
ஹெட் கேஸ்கட் பறந்துடும்.
ஆறு பவுண்டு. அதுக்கு மேல
நீங்க கால்ல விழுந்தாலும் திறக்க மாட்டேன்."

ஆயில் திரும்பி வர வழி வேண்டுமென்று
சம்ப்பில் ஓட்டை போட்டபோது
நான் வெளியே போய் டீ குடித்தேன்.
இரண்டு டீ.

அது செய்வது இவ்வளவுதான்:
எஞ்சின் வேண்டாமென்று தள்ளும் புகை
போகிற போக்கில் ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது.
அதே தண்டின் மறுமுனை
மலைக்காற்றை வாரி உள்ளே திணிக்கிறது.
விட்ட மூச்சே போய்
அடுத்த மூச்சைக் கூட்டி வருகிறது.

திங்கட்கிழமை முதல் ஏற்றம்.
"யாருப்பா விசில் அடிக்கிறா?"
"வண்டிதான் டீச்சர்."
"இந்த வயசுலயா?"
பலாப்பழ வாசனைக்குள் மூன்றாம் கியரில்
லாரியைத் தாண்டினோம்.
கூடுதலாகக் கொஞ்சம் அழுத்தினேன், சும்மா, பெருமைக்கு.
சூட்டு முள் எழுந்து பார்த்தது.
தீப்பெட்டியின் இரண்டு கோடு நினைவுக்கு வர
காலை எடுத்தேன்.

ஜோகி சாவி தரும்போது சொன்னது ஒன்று உண்டு:
"ஏறி வந்ததும் அணைக்காதீங்க.
ஒரு நிமிஷம் சும்மா ஓடட்டும்.
சக்கரம் தணியாம ஆயிலை நிறுத்தினா
உள்ளேயே கரியாயிடும்."

எட்டு வருஷமாய்
வண்டி நிற்கும் முன்பே சாவியைத் திருப்பி
கதவை அறைந்து இறங்கியவன் நான்.
இப்போது அரவேணுவில், வாசலில்,
ராத்திரி ஒன்பதரைக்கு
செய்ய ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
ஹெட்லைட்டில் பனி நகர்கிறது.
அடுப்படி ஜன்னலில் அவள் நிழல்
பாத்திரம் மாற்றி வைக்கிறது.

மூன்றாம் நாள் ஜன்னல் திறந்தது.
"டீசல் யாரு அப்பன் வீட்டுக் காசு?"
"ஒரு நிமிஷம்" என்றேன்.
மூடிக்கொண்டது.

நேற்று ஸ்வெட்டர் போட்டு வந்து
மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.
காது தூர்ந்துவிடாமல் இருக்க
இரண்டிலும் துடைப்பக் குச்சி.
"டீச்சருக்கு மாசம் எட்டு ட்ரிப்.
தை வரைக்கும் பொறு."
பதில் இல்லை.
டேஷ்போர்டில் கை வைத்தாள்.
"நடுங்குதே."
"அது அப்படித்தான்."

வண்டிக் கடிகாரம் என்றோ நின்றுபோனது.
மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.
முப்பத்தெட்டில் அவள் ஏதோ கேட்டாள்,
விட்டுப்போனது.
மறுபடி ஒன்றிலிருந்து.