எக்கிட்னா மேலே

பெண்டிகோவில் வெள்ளிக்கிழமை, இரண்டாம் சுற்று.
என் வேலை பலகை பிடிப்பது.
நீளக் காம்பு, வட்டப் பலகை, அதில் ஒரே சொல்: அமைதி.
ஆட்டக்காரர் குனிந்தால் தூக்க வேண்டும்,
பந்து விழுந்ததும் இறக்க வேண்டும்.
நடுவில் தும்மக்கூடாது.
சம்பளமில்லை. ஒரு சாண்ட்விச், ஒரு தொப்பி.

மற்ற நாட்களில் நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
குழாய்களுக்குப் பெயர் ஒட்டுகிறவள்.
ஒட்டு மாறினால் ஒருவர் நோய் இன்னொருவருக்குப் போய்விடும்.
அதனால் யார் கை எதைச் செய்தாலும்
என் கண் அங்கே போய் நிற்கும்,
என்னைக் கேட்காமலே.

லாய்ட் கெனிலிக்கு நாற்பத்தொரு வயது.
பதினேழு குழிகளாகப் பார்த்து வருகிறேன்.
ஈரத்துண்டில் பந்தை இருமுறை துடைப்பார்.
கையுறையைக் கழற்றிப் பின்பையில் சொருகுவார்,
ஐந்து விரலும் வெளியே தெரிய,
யாரோ விடைபெறுவதைப்போல.
குழிக்கு மறுபக்கம் போய்க் குந்தப் போகையில்
அடுத்தவர் பந்துக்கும் குழிக்கும் நடுவே
கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் கோட்டை
மிதிக்க மாட்டார்; தாண்டவும் மாட்டார்.
படுத்திருப்பவரைத் தாண்டக்கூடாதென்று நாம் போவோமே,
அப்படிச் சுற்றிப் போவார்.
வெயில் சாய்ந்து நிழல் நீண்டால்
அதையும் கூட்டிக்கொண்டு ஒதுங்குவார்.

பந்து கிடந்த இடத்தில் ஐந்து சென்ட் நாணயம், தலை மேலே.
அடுத்தவர் வழியில் அது இடறுமென்றால்
மட்டையின் அகலத்துக்கு ஒன்று தள்ளி
நாணயத்தைப் புரட்டி வைப்பார்.
நாம் பூ என்போம் அந்தப் பக்கத்தை.
இதில் பூ இல்லை; எக்கிட்னா,
முள் சிலிர்த்துக்கொண்டு.
எக்கிட்னா மேலே என்றால்
‘இது என் இடமில்லை, திருப்பி வை’ என்று
தனக்குத் தானே எழுதிக்கொண்ட சீட்டு.

கடைசிக் குழி.
ஜோயல் பெட்ரோவிச், இருபத்திரண்டு இருக்கும்,
தணிந்த குரலில் கேட்டான்:
இடப்பக்கம் ஒன்று தள்ள முடியுமா?
தள்ளினார். புரட்டினார்.
ஜோயலின் பந்து குழியின் உதட்டைச் சுற்றிவிட்டு
வெளியே வந்து நின்றது.
அந்நேரம் பார்த்து அயர்ன்பார்க் மரத்திலிருந்து
பலகை படிக்கத் தெரியாத ஒரு கூக்கபரா
விழுந்து விழுந்து சிரித்தது.
கூட்டமும் சிரித்தது. ஜோயலும்.
லாய்ட் சிரித்தபடியே குந்தி
பந்தை வைத்து நாணயத்தை எடுத்தார்.

எக்கிட்னா மேலே இருந்தது.

நான் பார்த்தேன்.
பலகையைத் தூக்கியிருந்தேன், கை நடுங்கவில்லை.
வாய்க்குள் அவர் பெயர் வந்துவிட்டது.
ஆட்டக்காரரிடம் பேசமாட்டேன் என்று
காலையில் நான் ஒப்பமிட்ட தாளும் கூடவே வந்தது.
பன்னிரண்டு அடி.
பந்து போய் விழுந்த சத்தம்
ஒரு கோப்பையை மேசையில் வைத்த சத்தம்.
பலகையை இறக்க மறந்து நின்றேன்.

மதிப்பெண் கூடாரத்தின் வாசலில் காத்திருந்தேன்,
பலகையை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல்.
ஒன்று கூடுதல் வரைக்கும் நாளைக்கு ஆடலாம்
என்றன எல்லார் கைபேசிகளும்.
லாய்ட் பார் கணக்கில் சரியாக நின்றார்.
பேனாவைத் திறந்தார். மூடினார்.
பையிலிருந்த நாணயத்தை மேசையில் வைத்தார்,
தலை. புரட்டினார். வெகுநேரம் பார்த்தார்.
நடுவர் கேட்டார், வேறு யாராவது பார்த்தார்களா?
ஜோயல் இல்லையென்றான். கேடி இல்லையென்றான்.
என்னை யாரும் கேட்கவில்லை.
தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவர்,
“திருப்பி வைக்கவில்லை. நாலு இல்லை, ஆறு” என்றார்.

நான்தானே தள்ளச் சொன்னேன், என்றான் ஜோயல்.
நீ கேட்டது சரி, தள்ளியதும் சரி, என்று
ஆறு போட்டுக் கையெழுத்திட்டார்.
இரண்டு கூடுதல்.

கார் நிறுத்துமிடத்தில் ஒற்றைக் காலில் நின்று
ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.
முடிச்சு இறுகியிருந்தது போல. ஏதோ திட்டினார்.
நான் பக்கத்தில் போய்
நான் பார்த்தேன் என்று சொல்லலாம்.
அந்தச் சொல்லால் இனி யாருக்கு என்ன?

கொட்டகைக்குப் போய்ப் பலகையைத் தரும் முன்
ஒருமுறை புரட்டிப் பார்த்தேன்.
அந்தப் பக்கமும் அதே சொல்.