பக்கி குந்தும் பாதை

வெள்ளைச் சட்டைதான் போடுவேன்.
காட்டுக்குப் பச்சை பொருந்தும் என்று
புத்தகங்கள் சொல்கின்றன.
அவை எழுதப்பட்ட ஊர்களில்
பச்சை ஒரு நிறம் மட்டும்.

வவுனிக்குளத்துக் கட்டில் ஏறமுதல்
ஜீ.எஸ். வீட்டுப் படலையில் ஒரு சொல்.
மீன்வாடியில் சகாயநாதனிடம் ஒரு சொல்:
"பன்னிரண்டுக்குள்ள திரும்பாட்டித் தேடுங்கோ.
யானையெண்டா விடியத் தேடினாக் காணும்."
அவன் சிரிப்பதில்லை.

ரோச்சுக்கு வெளிச்சக்கூட்டுச் சிவப்புத் தாள்
கட்டியிருக்கிறேன்.
ஒளி என் காலடியில் விழவேண்டும்,
எவர் முகத்திலும் அல்ல.
நடக்க நடக்க இருமுவேன்.
பதுங்கி நடந்தால் கூடுதலாய்க் காணலாம், தெரியும்.
பதுங்கி நடந்தவர்களை இந்த மண்
வேறு பெயர்களில் ஞாபகம் வைத்திருக்கிறது.

ஒற்றையடிப் பாதை வேண்டாம்.
பன்றிக்குக் கட்டிய துவக்கின் கம்பி
முழங்கால் உயரத்தில் ஆளையும் பன்றி என்றே நினைக்கும்.
மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமெல்லாம்
துப்புரவாக்கிய இடமும் அல்ல.
பலகை யாரோ வீட்டுக் கோழிக்கூட்டுக்குக்
கதவாய்ப் போயிருக்கலாம்.

ஆகவே தார் றோட்டு.
பக்கிக்கும் அதுதான் விருப்பம்.
பகல் வெயிலை அடிவயிற்றில் வாங்கிக்கொண்டு
நடுறோட்டில் குந்தியிருக்கும்
காய்ந்த சாணி மாதிரி.
வெளிச்சம் தொட்டால் ஒரு கண் மட்டும்
கொள்ளி நுனியாய்ச் சிவக்கும்.

முதல் வருடம் கொப்பியில் இப்படி எழுதினேன்:

9.40. காவலரண் வேலி. ஒன்று. அசையவில்லை.
10.05. வடக்குப் பக்கம் இரண்டு.
10.20. இடம் மாறிவிட்டன.

பறித்து,
தமிழ் தெரிந்த ஒருவனை நித்திரையால் எழுப்பி
உரத்து வாசிக்க வைத்தார்கள்.
கேட்கக் கேட்க
எனக்கே என்னில் சந்தேகம் வந்தது.

மணல் ஏத்தவோ?
தபாற்கந்தோரில் முத்திரை குத்துகிறவளிடம் டிப்பர் ஏது.
புதையல் கிண்டவோ?
மண்வெட்டி இல்லை.
பெடியன் ஆரும் காத்து நிக்கிறானோ?
அப்படியென்றாலாவது அவர்களுக்கு நிம்மதியாயிருந்திருக்கும்.
பின்னை என்ன?
"பக்கி."
மொழிபெயர்க்க வந்தவனுக்கும் அது தெரியாது.
சிங்களத்தில் கைக்கு வந்த ஒரே சொல்லைச் சொன்னேன்:
குருல்லோ.
"இரவிலயோ?"
அந்தக் கேள்வி எந்த மொழியில் கேட்டாலும் விளங்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில்
ஒரு பறவை கீறுகிறேன்.
செட்டை, வாயோர மீசைமயிர்,
தொண்டையின் இருபுறமும் வெள்ளைத் திட்டு.
சாட்சிக்கென்று தொடங்கியது.
இப்போது பக்கி உண்மையாகவே
பக்கி மாதிரி வருகிறது.

போன புரட்டாதி, மழைக்கு முந்தின கிழமை,
வேலியோரம் புது ஆள் ஒருவன்.
அடையாள அட்டையை வாங்கி
என் முகத்துக்கும் படத்துக்கும் நடுவில்
வெகுநேரம் ரோச் அடித்தான்.
பிறகு, "நம?" என்றான்.
"பத்மகலா."
இல்லையென்று தலையாட்டினான்.
தலையாட்டல் என்றால் எங்களுக்கு
இப்பவும் வயிறு ஒருக்கால் குளிரும்.
அவன் நாடியால் மண்மூட்டையைக் காட்டினான்.
மேல்மூட்டையில் அது.
மூன்று விரல், பிறகு நாலு.
எத்தனை இரவு என்றா, எத்தனை பக்கி என்றா,
எனக்கு விளங்கவில்லை.
"பக்கி" என்றேன்.
"பக்கி" என்று அவன் வாய்க்குள் ஒருமுறை
சொல்லிப் பார்த்துக்கொண்டான்.
அப்படியிருந்தும் என் அட்டை இலக்கத்தைப்
பெரிய புத்தகத்தில் பதிந்துவிட்டுத்தான் தந்தான்.

திரும்பி வர, வயல்வெளியில் ஆக்காட்டி ஒன்று
என்னைக் கண்டு
பாண்டியன்குளம் மட்டும் கேட்கக் கத்தியது.
அதன் வேலை அது.
நின்று எழுதினேன்: 11.40. ஆக்காட்டி. ஒன்று.
பக்கத்தில் நெட்டைக் காலோடு ஒரு பறவை.
அதற்கும் பக்கத்தில், சின்னதாய்,
அது கண்டதை:
வெள்ளைச் சட்டை, தொங்கும் ரோச்,
குனிந்து எதையோ எழுதும் ஆள்.

பன்னிரண்டாகப் பத்து நிமிடம் கிடந்தது.
மீன்வாடியில் விளக்கு அணையவில்லை.
சகாயநாதனுக்குக் கேட்க
இருமினேன்.